லங்காவி அயர்ன்மேன்: வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கும் அயர்ன்மேனுக்கு, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற போட்டிக்கு, பணம் கட்டிய கையோடு எல்லாரும் செய்கிற முதல் வேலை, எத்தனை மணி நேரத்தில் முடிக்கலாம் என்று எக்செலில் கணக்குப் போடுவதுதான். போடுங்கள், தப்பில்லை. 3.8 கிலோமீட்டர் நீச்சலுக்கு 1 மணி 40 நிமிடம், 180 கிலோமீட்டர் சைக்கிளுக்கு மணிக்கு 26 கிலோமீட்டர் வீதம் 6:55, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறுகிற இரண்டு டிரான்சிஷனுக்கும் பத்துப் பத்து நிமிடம், 42.2 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 7:30 வீதம் 5:17. ஆக 14 மணி 12 நிமிடம். ஆனால் இது குளிர்ந்த ஊருக்கான கணக்கு.

லங்காவியில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது சொட்டிக்கொண்டே இருக்குமே தவிர வேலை செய்யாது. தோலைக் குளிரவைக்க ரத்தம் அந்தப் பக்கம் போய்விடுவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதனால் ஒரே நேரத்தைப் பிடித்துத் தொங்காமல் மூன்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானம் மேகமாக இருந்தால் மேலே சொன்ன 14:12. வழக்கமான வெயில் என்றால் சைக்கிள் மணிக்கு 24, ஓட்டம் கிலோமீட்டருக்கு 8:15, அதாவது சுமார் 15:18. என்னைக் கேட்டால் இதைத்தான் உண்மையான இலக்காக வைத்து வீட்டிலும் சொல்லி வைப்பேன். மூன்றாவது, போட்டியை முடிக்க வேண்டிய கடைசி நேரமான 17 மணி நேர கட்-ஆஃபுக்குள் நல்லபடியாக வந்து சேர்வது. எது நடக்கும் என்பதை சைக்கிள்தான் முடிவு செய்யும். அதிலும் முதல் 90 கிலோமீட்டரில் கால் லேசாக இருக்கிறதே என்று மிதித்துத் தள்ளுகிறவர்கள்தான் மதியத்துக்கு மேல் ஓட்டத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். வாட்ச்சில் பேஸை, அதாவது வேகத்தை, பார்க்காமல் ஹார்ட் ரேட்டுக்கு (இதயத் துடிப்புக்கு) ஒரு உச்ச வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், பக்கத்தில் யார் முந்திப் போனாலும் சரி.

அடுத்து, "நான் சென்னைக்காரன், எனக்கு என்ன வெயில்" என்கிற பேச்சு. ஈ.சி.ஆரில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஏழரைக்குத் திரும்பி, அப்புறம் நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு வெயில் பழக்கம் ஒன்றும் வந்துவிடாது. ரேஸுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில், 10 முதல் 14 நாள் வரை, தினமும் ஒரு மணி நேரம் போல வெப்பத்திலேயே மெதுவாகப் பயிற்சி செய்ய வேண்டும். ரேஸ் பெரும்பாலும் நவம்பரில் வருவதால் அந்தச் சமயத்தில் இங்கே மழை பிடித்துக்கொள்ளும். கவலை வேண்டாம், சைக்கிளை நிறுத்தி வைத்தே மிதிக்க உதவும் டிரெய்னர் என்கிற ஸ்டாண்டில் மாட்டி ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினால் அறையே லங்காவியாகிவிடும். வீட்டில் யாராவது இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். முதல் சில நாளிலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், பிறகு வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். விட்டுவிட்டால் சில வாரத்தில் இந்தப் பழக்கம் கரைந்துபோகும், ஆகவே ஜூனிலேயே முடித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுப் பயனில்லை.

அந்த அறையிலேயே வியர்வைக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஏறுவதற்கு முன்னும், ஒரு மணி நேரம் கழித்து உடம்பைத் துடைத்துவிட்டும், துணியில்லாமல் எடை பாருங்கள். 70 கிலோ 69.1 ஆகி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், மணிக்கு 1.4 லிட்டர் போகிறது என்று அர்த்தம். அத்தனையையும் திருப்பிக் குடிக்க வயிறு ஒத்துழைக்காது. முக்கால் லிட்டர் போல நிற்கிறதா என்று நீண்ட பயிற்சிகளில் பழகிப் பாருங்கள். போகிற அளவுக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அது நீர் வற்றுவதைவிட ஆபத்து. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கம்மி. மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் சோடியம் இருக்கிறது, விலையும் சொற்பம். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உப்பில் கை வைக்காதீர்கள்.

ரேஸ் அன்று தண்ணீரும் தீனியும் கொடுக்கிற ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனையும் நடந்தே கடந்துவிடுங்கள். ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள் கொஞ்சம், மார்புப் பக்கம் உடைக்குள் கொஞ்சம், மெல்லிய துணியில் முடிந்து கழுத்தில் கொஞ்சம். தலையில் தண்ணீர் ஊற்றும்போது முன்னால் குனிந்து ஊற்றுங்கள், நிமிர்ந்து ஊற்றினால் அத்தனையும் ஷூவுக்குள் இறங்கி அடுத்த பத்து கிலோமீட்டரில் கால் கொப்பளித்துவிடும்.

கூட வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். வெயிலில் குளிர் எடுத்து மயிர்க்கூச்செறிவது, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் ரேஸ் அங்கே முடிந்தது. வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று விட்டுவிடக் கூடாது, ஹீட் ஸ்ட்ரோக்கில் (உடம்புச் சூடு எல்லை மீறி ஏறுகிற வெப்ப மயக்கத்தில்) வியர்வை நிற்காமலும் இருக்கலாம். மருத்துவக் குழுவைக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் வரும்வரை சும்மா நிற்காமல் ஐஸும் தண்ணீருமாக உடம்பு முழுக்க ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.