மந்தையை விட்டு வந்த சொல்: 'இக்ரீஜியஸ்' படுத்தும் பாடு

கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், மேலாளரின் பிரிவு உபசாரத்துக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதினான். 'உங்கள் இக்ரீஜியஸ் சேவை' என்று ஒரு வரி. பாளையங்கோட்டையில் வாங்கிய பழைய அகராதியில் 'தலைசிறந்த' என்று போட்டிருந்ததாம். பக்கத்திலேயே 'பழைய வழக்கு' என்று இருந்ததை அவன் பார்க்கவில்லை. இன்றைக்கு அதற்குப் 'படுமோசமான' என்றுதான் பொருள். நல்லவேளை, பிரேம் போடுவதற்கு முன்னால் என் கைக்கு வந்தது.

வேர்ப்பொருளை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டதுதான் அவன் செய்த தவறு. லத்தீனில் 'க்ரெக்ஸ்' என்றால் மந்தை, 'எக்ஸ்' என்றால் வெளியே. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது 'எக்ரெகியுஸ்'. நாங்குநேரிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்தால் பாருங்கள், நூறு ஆட்டில் ஒன்றுதான் கண்ணில் படும். அது கொம்பு வளைந்த கம்பீரமான கிடாவாகவும் இருக்கலாம். அடுத்தவன் உளுந்துக்குள் பாய்ந்து ஏச்சு வாங்கித்தரும் சனியனாகவும் இருக்கலாம். ரோமானியர் அந்தக் கிடாவைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கும் 16ஆம் நூற்றாண்டில் புகழ்ச்சியாகவே வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏச்சாகவும் ஆகிவிட்டது. கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே பொருள் திரும்பியிருக்கும் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் கணிப்பு. 'நீ பெரிய ஆளுல்லா!' என்று ஆச்சி சொன்னால் பாராட்டு என்றா எடுத்துக்கொள்கிறோம்? இத்தாலிக்காரர்கள் மட்டும் இன்னமும் கடிதத்தில் 'எக்ரேஜோ' என்று மரியாதையாக விளிக்கிறார்கள்.

'க்ரிகேரியஸ்' என்றால் கூட்டத்தோடு கலந்து பழகுபவர். அப்படியானால் இது அதன் எதிர்ச்சொல், ஒட்டாத ஆள் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. இரண்டுக்கும் வேர் ஒன்று, அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலில் வரும் அக்ரிகேட், சபையில் கூடும் காங்கிரிகேஷன், குப்பையைத் தரம் பிரிக்கும் செக்ரிகேஷன் எல்லாம் அந்த மந்தையில் பிறந்தவைதான்.

கிரகோரி என்ற பெயரை மட்டும் இதில் அடைக்கக் கூடாது. அது கிரேக்கம், 'விழித்திருப்பவர்' என்று பொருள். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிச்சுப் போடுவது பழைய வியாதி. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், நாலு சொல்லின் ஒலியோடு நின்றுவிடாமல் இலக்கண அமைப்பையே ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் வாழ்ந்த ஊர் இடையன்குடி. ஊர்ப்பெயரிலேயே மந்தைக்காரர் இருக்கிறார், பாருங்கள்.

மடலில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'அவுட்ஸ்டாண்டிங்' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் முழித்தான்.

"அண்ணே, இது வராத பாக்கியில்லா?"