விசுவாசத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கையில் நாம் விடும் பிழைகள்

இரவு ஏழு மணிக்குக் கல்லாறு, தாண்டவன்வெளி, கல்முனை என்று எந்த ஊரில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் காட்சி அநேகமாக ஒன்றுதான். பாய் விரித்தாயிற்று. "மகன், போனை வை. முழங்கால்ல நில்லு." பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் போனைப் பார்க்கிறான். தாய் தொடங்குகிறார்: "ஆண்டவரே, இவன் பொய் சொல்லாமல், தங்கச்சிக்கு அடிக்காமல், கணக்குப் பாடத்தைக் கவனமாகப் படிக்கப் புத்தியைத் தாரும்." இது தனக்கு விழுகிற ஏச்சு என்று பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும். ஆண்டவர் அதைக் கொண்டுவந்து கொடுக்கிற தபால்காரர், அவ்வளவுதான்.

செபத்தை ஏச்சாக்குவதும் தண்டனையாக்குவதும் ("குழப்படி செய்தாயல்லவா, போய் ஒரு செபமாலை சொல்லு") நம் வீடுகளில் சர்வசாதாரணம். செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், களைத்துப்போனவர்கள். ஆனாலும் பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை செபத்தை விட்டால், அவன் விட்டது கடவுளையா, அந்த ஏச்சையா என்று யோசிக்க வேண்டும். லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இயேசு ஓரிடத்தில் செபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் முடித்த பிறகுதான் சீடரில் ஒருவர் "எங்களுக்கும் கற்றுத்தாரும்" என்று கேட்கிறார். கேட்க வைத்தது அவர் கண்ட காட்சி. ஆகவே பிள்ளையின் குறைகளைக் கடவுளிடம் ஒப்புவிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் குறையைச் சொல்லுங்கள். "இன்றைக்குக் கடையில் அந்த மனுசனிடம் கத்திப்போட்டேன், மன்னியும்" என்று அப்பா சொல்வதைக் கேட்ட பிள்ளைக்குச் செபம் என்றால் என்னவென்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது நேர்த்தி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸானால் ஆயித்தியமலை மாதாவிடம் நடந்து வருகிறோம் என்று தாய் நேர்ந்துகொள்கிறார். நடந்துபோவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திருவிழாக் காலத்தில் அந்த நீண்ட வீதியில் சனத்தோடு சனமாக நடக்கிற பிள்ளை, பத்துப் பிரசங்கத்தில் கிடைக்காததைப் பெற்றுக்கொள்கிறது. சிக்கல் அந்த "பாஸானால்" என்ற சொல்லில்தான். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? ஒன்றில் கடவுள் கேட்கவில்லை, அல்லது தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டில் எது மனதில் தங்கினாலும் எடுப்பது கஷ்டம். பெறுபேறு வருவதற்கு முன்னே நடந்துபோய்விட்டு வாருங்கள். பாஸோ பெயிலோ, போய்வந்தது போய்வந்ததுதான்.

இதைவிடக் கனமான கேள்வியும் எங்கள் கரையில் பிள்ளைகள் கேட்பார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். தேவாலயங்களில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் அன்று இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். "கோயிலுக்குத்தானே போனவங்க, ஏன் கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அது ஆண்டவருடைய சித்தம், அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று வாயை மூடுவதுதான் நாம் விடுகிற பிழைகளில் ஆகப் பெரியது என்பேன். நமக்கே பதில் தெரியாத பயத்தில்தான் அப்படிச் சொல்கிறோம். வேதம் அந்தக் கேள்விக்கு வாய்ப்பூட்டுப் போடவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. சிலுவையில் இயேசு கேட்டதும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான். பிள்ளையின் கேள்வியே ஒரு செபம். "எனக்கும் தெரியாது மகள், நானும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொன்னால் விசுவாசம் உடைந்துபோகாது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு இன்னொன்றும் புகுந்துகொண்டது: பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றிப் பிள்ளைகளின் முன்னால் நாம் பேசுகிற பேச்சு. காலையில் "எங்களுக்குத் தீமை செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிப்பதுபோல" என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சோற்றோடு ஒரு சமூகத்தையே திட்டித் தீர்த்தால், பிள்ளை எதைப் படிக்கும் என்பது தெரிந்ததுதானே. சைவ வீட்டுப் பொங்கலைப் பார்த்து முகம் சுளிக்கப் பழக்குவதும் இதோடு சேர்ந்ததே. பாதிக் குடும்பங்களில் மாமி வீடு சைவம். படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கொரிந்து சபையிலும் வந்தது. அழைத்தவர் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் இன்னொருவருடைய மனச்சாட்சி இடறுமானால் விட்டுவிடு என்கிறார் பவுல். எது செய்தாலும் மாமியைக் கேவலப்படுத்த அதில் இடமில்லை.

பரீட்சை விஷயம் சின்னது. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம், அதில் ஏ எடுக்கட்டும், நல்லது. ஆனால் அந்த ஏ வந்ததும், உறுதிப்பூசுதல் முடிந்ததும், விசுவாசம் ஊட்டும் வேலை முடிந்துவிட்டது என்று பெற்றோர் கையைக் கழுவுகிறார்கள். ஞாயிறு காலை மறைக்கல்விக்குப் பதிலாக டியூஷன் வருகிறது. டியூஷனைத் தவறவிட்டால் வீட்டில் பூகம்பம், பூசையைத் தவறவிட்டால் "பரவாயில்லை". எது முக்கியம் என்று பிள்ளைக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

சரி, அப்படி வளர்ந்த பிள்ளை ஒருநாள் "நான் வரல்ல" என்கிறது. இங்கே இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவது: "ஊர் என்ன சொல்லும், சுவாமி கேட்டால் என்ன சொல்வேன்." பிள்ளை வரும், கடைசி வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பும். வந்தது உடம்பு மட்டும். மற்றப் பக்கம், "வளர்ந்தபிறகு அவனே தெரிவுசெய்யட்டும்" என்று சின்ன வயதிலிருந்தே ஒன்றும் காட்டாமல் விடுவது. கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் கண்ணால் காணாத ஒன்றை எவர் தெரிவுசெய்வார்? உபாகமம் 6 வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் படுக்கையிலும் எழும்புகையிலும் பிள்ளைகளோடு பேசச் சொல்வது இதற்காகத்தான். சின்ன வயதில் நிறையக் காட்ட வேண்டும், வளர வளரப் பிடியைத் தளர்த்த வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: குழந்தையாக இருக்கையில் கவனிப்பதில்லை, பதினாறில் காவல் போடுகிறோம்.

ஐசுவரியமுள்ள அந்த வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசு அவன் பின்னால் ஓடவில்லை. அவன் போவதற்கு முன்பே அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஊதாரி மகனின் தகப்பன் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தடுக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. வராத பிள்ளைக்கும் ஞாயிறு மத்தியானம் அதே இறைச்சிக்கறி, அதே கதை பேச்சு. பூசையில் என்ன பிரசங்கம் என்று குத்திக்காட்டாமல் இருப்பதற்குத்தான் பெற்றோருக்கு அதிகப் பொறுமை வேண்டியிருக்கும்.

கடைசியாக, தகப்பன்மார். மட்டக்களப்பில் வீடு மகளுக்கு என்பது வழக்கம், அதனால் அம்மம்மா பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில். விசுவாசமும் அந்த வழியாகத்தான் இறங்கி வருகிறது. தீமோத்தேயுவின் கதையும் அப்படியே: முதலில் பாட்டி லோவிசாள், பிறகு தாய் ஐனிக்கேயாள். ஆனால் தீமோத்தேயுவின் தகப்பன் யூதரல்லாத கிரேக்கர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. எங்கள் தகப்பன்மாருக்கு அந்தச் சாட்டும் இல்லை. பூசை முடியும்வரை வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற அப்பாவை மகன் பார்த்துக்கொண்டேயிருக்கிறான். இது பெண்பிள்ளைகளுக்கும் கிழவிகளுக்கும் உள்ள வேலை, வளர்ந்த ஆண் வெளியேதான் நிற்பான் என்று அவன் கணக்குப் போட்டால், மறையாசிரியர் எத்தனை வருடம் படிப்பித்தும் அந்தக் கணக்கை அழிக்கமாட்டார். சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து மகனுக்குப் பக்கத்தில் இருங்கள், பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை.