அபிஷேகத்துக்குப் பின் ஆட்டுமந்தை: அழைப்பை அறிந்துகொள்வது எப்படி?

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில், பாடல் தணிந்து ஒலித்துக்கொண்டிருக்கும் வேளையில், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பிரசங்கியார் சொல்லும்போது எழுந்து நின்றவர்கள் நம் சபைகளில் ஏராளம். நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, முந்தின இரவில் எதற்காக நின்றேன் என்று யோசித்தபோது எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. விட்ட கண்ணீர் உண்மைதான். ஆனால் அன்று காலையில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை. அதே பேருந்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்காக, தேவன் நம்மை எந்த வேலைக்கு அழைக்கிறார் என்று அறிந்துகொள்ள, வேதத்திலிருந்தும் மூத்தவர்களிடமிருந்தும் பிறகு நான் கற்றுக்கொண்ட நடைமுறையை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பொருளைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். தைலம் பூசிப் பிரித்துவைப்பதைக் குறிக்கும் அபிஷேகம் என்ற சொல்லைக் கேட்டால், உடல் சிலிர்ப்பது, குரல் உயர்வது, கூட்டம் அசைவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் அபிஷேகத் தைலத்தின் அளவு கொடுக்கப்பட்டிருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அக்கால எடை அளவு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அவற்றோடு ஒரு குடம் ஒலிவ எண்ணெய். அந்தத் தைலத்தை ஆரோனுக்கும் அவனுடைய குமாரருக்கும் பூசுவதற்கு முன்பாகவே ஆராதனைக் கூடாரத்துக்கும், மேஜைக்கும், குத்துவிளக்குக்கும், கைகால் கழுவுகிற தொட்டிக்கும் பூசும்படி மோசேக்குச் சொல்லப்பட்டது. தொட்டிக்கு எந்த உணர்ச்சியும் கிடையாது. அதில் தைலம் பூசப்பட்டதன் பொருள், இனி அது வேறெதற்கும் பயன்படாமல் ஆசாரியர்கள் கைகால் கழுவுவதற்கென்றே பிரித்து வைக்கப்பட்டது என்பதுதான். மேசியா என்ற எபிரெயச் சொல்லுக்கும் கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அபிஷேகம் பெற்றவர் என்றே பொருள். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை வாசித்தபோது, ஆவியானவர் தம்மை அபிஷேகம்பண்ணினார் என்பதோடு நிறுத்தவில்லை. தரித்திரர், சிறைப்பட்டவர், பார்வையற்றவர், நொறுக்கப்பட்டவர் என்று அது யாருக்காக என்பதையும் சேர்த்தே வாசித்தார். அபிஷேகம் என்ற சொல்லைத் தொடர்ந்து "யாருக்காக" என்ற கேள்வி எப்போதும் வருகிறது.

அபிஷேகம் உங்களுக்கு உண்டா என்ற சந்தேகத்தில் ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதில்லை. யோவான் தம் முதலாம் நிருபத்தில், அபிஷேகம் பெற்றவர்கள் என்று சபையார் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையிலும் கிறிஸ்மா என்னும் அபிஷேகத் தைலம் குருக்களுக்கு மட்டுமானது அல்ல. திருமுழுக்கிலும் உறுதிப்பூசுதலிலும் சாதாரண விசுவாசிகளுக்கே அது பூசப்படுகிறது. இன்னும் பதில் தேட வேண்டிய கேள்வி, அது எந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டது என்பதுதான்.

அந்தக் கேள்வியை ஜெப அறையில் மட்டும் வைத்துக் கேட்டால் பதில் எளிதில் வராது. வேலூரில் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1870இல் ராணிப்பேட்டையில், மருத்துவ மிஷனரிகள் நிறைந்த குடும்பத்தில் பிறந்த அவருக்கு, இந்தியாவில் தங்கிப் பணிசெய்யும் எண்ணம் இருக்கவில்லை. அமெரிக்காவில் படித்த பிறகு, தாயின் உடல்நலக் குறைவின் காரணமாகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு அந்த வீட்டுக்கு வந்தார்கள். மருத்துவரான தகப்பனாரை அனுப்பலாம் என்றபோது, அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். தேவை என்பது ஊரெங்கும் இருக்கிறது, தேவையெல்லாம் அழைப்பாகிவிடாது. ஆனால் அந்த வாசலில் கேட்கப்பட்டது ஒரு பெண் மருத்துவர், அங்கே நின்றதோ படிக்க வசதியுள்ள ஓர் இளம்பெண். தேவையும், அதற்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒருவரும் நேருக்கு நேர் சந்தித்த இடம் அது. அவர் மறுநாளே ஊழியத்தைத் தொடங்கிவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கா திரும்பி, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல்தான் வேலூருக்கு வந்தார். செவிலியர் பள்ளி 1909இலும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இலும் தொடங்கின. அழைப்புக்குக் கீழ்ப்படிதல் என்பது அவர் வாழ்க்கையில் சில ஆண்டுகள் உடற்கூறியல் படிப்பதாகவே இருந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு சாதாரண நோட்டை வாங்கி, மூன்று மாதங்களுக்கு ஒவ்வோர் இரவும் இரண்டே வரி எழுதுங்கள்: இன்று யாருடைய தேவை என் கண்ணில் பட்டது, அதற்கு நான் என்ன செய்தேன். ஜெபக் குறிப்புகளையும், தியான வசனங்களையும், உணர்ச்சிகளையும் இதில் கலக்க வேண்டாம். அவற்றுக்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாத நாளில் "ஒன்றும் செய்யவில்லை" என்றே எழுத வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எங்கள் சபையில் ஒரு சகோதரர், பிரசங்க வரம் வேண்டும் என்று பல ஆண்டுகளாக உபவாசித்து ஜெபித்து வந்தார். அவருடைய நோட்டில் இருந்தவை: "பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்." "வங்கியில் ஒரு அம்மாவுக்குப் பணம் எடுக்கும் சீட்டு நிரப்பினேன்." "சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போனேன், துணைக்கு." இப்படியே பக்கம் பக்கமாக இருந்தது. தாம் அலட்சியமாகச் செய்துகொண்டிருந்த ஒரு வேலை இவ்வளவு பேரைத் தாங்கியிருக்கிறது என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

இதெல்லாம் ஆவிக்குரிய வேலையா என்று கேட்பவர்கள் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். அங்கே தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று கர்த்தர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற பெசலெயேல், பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலைசெய்கிற கைவினைஞன். ரோமர் 12இல் பவுல் வரங்களைச் சொல்லும்போதும், தீர்க்கதரிசனத்துக்கும் போதிப்பதற்கும் பக்கத்திலேயே பகிர்ந்து கொடுப்பதையும் இரக்கம் செய்வதையும் வைக்கிறார். மேடையை மட்டுமே வரமாகக் கண்டது நம்முடைய பழக்கம். வேதத்தில் அப்படி இல்லை.

அடுத்தது, உங்களுக்குத் தோன்றியதைப் பிறரிடம் கொண்டுபோவது. சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டும், அவன் மூன்று முறை ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். கூப்பிட்டவர் யார் என்று சொல்ல, கண் மங்கிப்போன ஒரு கிழவர் தேவைப்பட்டார். அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் (பவுலின் மற்றொரு பெயர்) பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னது, சபையின் தீர்க்கதரிசிகளும் போதகர்களும் கூடி ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்த வேளையில். அதன் பிறகும் அவர்கள் உபவாசித்து ஜெபித்தே கைகளை வைத்து அனுப்பினார்கள். ஆகவே மூன்று பேரிடம் போங்கள்: உங்களை வீட்டில் பார்க்கிற ஒருவர், வேலையிடத்தில் பார்க்கிற ஒருவர், உங்கள் ஆயர் அல்லது ஒரு மூப்பர். "எனக்கு அழைப்பு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், மனம் நோகக் கூடாது என்று ஆம் என்றே சொல்லிவிடுவார்கள். "நான் செய்ததில் எது உங்களுக்கு உண்மையாகவே பயன்பட்டது? எதை நான் விட்டுவிடலாம்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டுக்கொண்டு, எதிர்த்துப் பேசாமல் வீட்டுக்கு வருவதற்கு முதல் கேள்வியைவிட அதிகக் கிருபை வேண்டும்.

உங்களை அறியாத ஒருவர், உங்கள் எதிர்காலம் இன்னது என்று தீர்க்கதரிசனம் சொன்னால் அதை அற்பமாக எண்ணவும் வேண்டாம், உடனே பின்பற்றவும் வேண்டாம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் அதுதான்: தீர்க்கதரிசனங்களை அசட்டை செய்யாமல், எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தீர்க்கதரிசனத்தின் கடைசியில் காணிக்கைத் தொகை குறிப்பிடப்பட்டால் சோதிப்பதற்கு அதிக நேரம் தேவைப்படாது. வியாதியஸ்தருக்காக மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார், அது சபையின் ஊழியம். ஆனால் வல்லமையைச் சிறு புட்டியில் அடைத்து விலை சொல்கிறவர்களைப் பார்க்கும்போது, ஆவியானவரின் வல்லமையை விலைக்கு வாங்க, சமாரியாவில் பேதுருவுக்கு முன் பணத்தைக் கொண்டுவந்து வைத்த சீமோன்தான் நினைவுக்கு வருகிறான்.

வேலையை விடுவது பற்றிக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்ற வேகத்தில், மனைவியிடம்கூடச் சொல்லாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்கு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். முழுநேர ஊழியம்தான் உங்கள் பாதை என்று தோன்றினாலும், கையிலிருக்கிற வேலையோடு குறைந்தது ஓர் ஆண்டு அதைச் செய்து பாருங்கள். கடன்களைத் தாளில் எழுதுங்கள். வாழ்க்கைத் துணையின் சம்மதம், வேறு வழியில்லாமல் கொடுத்த சம்மதமா, தாமாகவே கொடுத்ததா என்று நேர்மையாகப் பாருங்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டேதான் ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார்.

காத்திருப்பதற்குத் தாவீதைவிட நல்ல துணை இல்லை. பிறகு தீர்க்கதரிசியான சாமுவேல் பெத்லகேமில் சகோதரர் நடுவே அவனை ராஜாவாக அபிஷேகம்பண்ணித் தைலம் ஊற்றினான். கர்த்தருடைய ஆவியானவர் அவன்மேல் இறங்கினார். அதே அதிகாரத்தில், அப்போது ராஜாவாயிருந்த சவுல் ஆள் அனுப்பும்போது அவன் ஆட்டுமந்தையில்தான் இருக்கிறான். அடுத்த அதிகாரத்தில் தகப்பன் ஈசாய் அவனிடம் வறுத்த பயற்றையும் பத்து அப்பங்களையும் கொடுத்து, போர்முனையில் இருக்கும் அண்ணன்மாருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அபிஷேகம் பெற்ற ராஜா சாப்பாட்டு மூட்டையைச் சுமந்துகொண்டு போகிறான், அதற்குமுன் ஆடுகளைக் காவலாளியின் வசத்தில் ஒப்புவிக்கவும் மறக்கவில்லை. கோலியாத்தின் குரல் அவன் காதில் விழுந்தது அந்தப் பயணத்தில்தான். பிறகு அவன் எபிரோனில் இரண்டு முறை அபிஷேகம் பெற்றான், முதலில் யூதாவின் மனுஷரால், ஏழரை ஆண்டுகள் கழித்து இஸ்ரவேலின் மூப்பர் எல்லாராலும். முதல் தைலத்துக்கும் கடைசித் தைலத்துக்கும் நடுவில் இருந்தவை குகைகளும் வனாந்தரமும்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, வை.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர், 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களே மிஷனரிப் பணி நடத்துவதைக் கண்டார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். பிறரை அனுப்பும் அந்த வேலையில் சில ஆண்டுகள் இருந்த பிறகு, 1909இல் தாமே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்குப் புறப்பட்டு, தெலுங்கு கற்றுப் பணியாற்றி, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியில் செய்த வேலையிலிருந்தே திறந்திருக்கிறது. தோர்ணக்கல் என்ற பெயர் 1902இல் அவர் கனவில்கூட வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

வழி அடைபட்டால் அழைப்பே பொய் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பவுல் பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம் பண்ணினார், ஆவியானவர் விடவில்லை. துரோவாவில், மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் வந்து உதவி செய்யும்படி வேண்டிக்கொள்வதைத் தரிசனத்தில் கண்டார். பிலிப்பிக்குப் போய்ச் சேர்ந்தபின், ஆற்றங்கரையில் முதலில் உட்கார்ந்து கேட்டவர்கள் பெண்கள். இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் தியத்தீரா ஊரைச் சேர்ந்தவள். தரிசனத்தில் கண்ட அந்த மனிதனைத் தேடிக்கொண்டிருக்காமல், எதிரில் இருந்தவர்களோடு பவுல் உட்கார்ந்து பேசினார்.

நோட்டு எழுதிய அந்தச் சகோதரர் பிரசங்க மேடை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலயத் தாழ்வாரத்தில் ஒரு மேஜையும், இரண்டு நாற்காலியும், பசைப் புட்டியும் வைத்துக்கொண்டு உட்காருகிறார். எங்கள் சபையைச் சேராதவர்களும் ஆதார் அட்டை நகலோடு வரிசையில் நிற்கிறார்கள்; மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக அவருக்குப் பல நாள் மூன்று மணி ஆகிவிடுகிறது.