பிராக் நகரின் புதுமுறைச் செக் உணவகத்தில் விருந்துண்ணச் செல்வோர்க்கு

பேர்லினிலோ வியன்னாவிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் பெற்றோரில் சிலரை, அந்தப் பிள்ளைகள் ஒரு வார இறுதியில் தொடருந்தேற்றிச் செக் நாட்டின் தலைநகரான பிராக் நகருக்கும் அழைத்துச் செல்கிறார்கள். பேர்லினிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணந்தான். அங்கே ஒரு மாலையில், சிறந்த உணவகங்களுக்கு மிச்செலின் வழிகாட்டி நூல் வழங்கும் நட்சத்திரத்தைப் பெற்ற உணவகம் ஒன்றில் மேசை பதிவுசெய்யப்பட்டிருக்கும். ஆறோ எட்டோ சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உண்டு முடித்தபின் பலர் சொல்வது, "வடிவாய்த்தான் இருந்தது, ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று தெரியவில்லை" என்பதே. இந்த வழிகாட்டி அந்தக் குறையைப் போக்குவதற்காக எழுதப்படுகிறது.

பனையோலைப் பிளாவில் ஒடியற்கூழ் குடித்து வளர்ந்த ஒருவரிடம், அதே கூழைத் தெளிவாக வடித்து, நண்டுச் சதையை ஒரு பக்கமும் பயிற்றங்காயை மறுபக்கமும் வைத்து, உள்ளங்கையளவு கிண்ணத்தில் கொடுத்தால், சமையற்காரர் எதை எடுத்து எதை மாற்றியிருக்கிறார் என்பது முதற் கரண்டியிலேயே அவருக்கு விளங்கிவிடும். கூழை ஒருநாளும் குடித்திராதவருக்கோ அது காரமும் புளிப்புமான ஒரு சாறு மட்டுமே. புதுமுறைச் செக் சமையலும் இப்படிப்பட்டதுதான். அதன் ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஒரு வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. ஆகவே முதலிற் செய்யவேண்டியது, அந்த வீட்டுச் சாப்பாட்டை அறிந்துகொள்வதாகும்.

இதன் பின்னணியைச் சிறிது சொல்லவேண்டும். 1948 முதல் 1989 வரை நீடித்த பொதுவுடைமை ஆட்சியில், நாடெங்கும் உள்ள உணவகங்கள் அரசு வகுத்த சமையற் குறிப்புகளின்படி, கிராம் கணக்குத் தவறாமல் சமைக்கவேண்டியிருந்தது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்டிருந்த கைப்பக்குவம் பொதுச் சமையலறைகளிலிருந்து இதனால் மறைந்துபோயிற்று. ஆட்சி மாறிய பின் வந்த சமையற்காரர்கள் அதைப் பழைய நூல்களிலே தேடினார்கள். பிராக் பழைய நகரில் 2006இல் தொடங்கி, 2012இல் மிச்செலின் நட்சத்திரம் பெற்ற 'லா டெகுஸ்தாசியோன்' உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் ஓல்ட்ரிஷிக் சஹாய்டாக், 19ஆம் நூற்றாண்டில் மாரீ ஸ்வொபொடொவா எழுதிய சமையல் நூலைத் தம் சமையலுக்கு அடிப்படையாக்கினார். ராடெக் காஷ்பாரெக்கின் 'ஃபீல்ட்' உணவகம் 2016இல் நட்சத்திரம் பெற்றது. இவர்களுடைய தட்டுகளில் தெரியும் புதுமை, இழந்ததை மீட்டெடுக்கும் முயற்சியிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போய் அமர்வது நல்லது.

விருந்துக்கு முதல்நாள் மதியம், 'ஹொஸ்பொடா' எனப்படும் சாதாரண ஊர்ச் சாப்பாட்டுக் கடையொன்றுக்குச் செல்லுங்கள். இந்த ஒரு நேரச் சாப்பாட்டை எக்காரணங்கொண்டும் தவிர்க்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'குலைடா' என்னும் சூப்பைக் கேளுங்கள். காளான், உருளைக்கிழங்கு, புளித்த பாலாடை, முட்டை ஆகியவற்றோடு சதகுப்பை இலை சேர்ந்த வெண்ணிறச் சூப் அது. சொதியைப் போலத் தோன்றினாலும் தேங்காயின் இனிப்புக்குப் பதிலாகப் புளிப்பே அதில் முன்நிற்கும். 'ஸ்விச்கோவா' அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. கரட்டையும் வேர்க்கிழங்குகளையும் மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றோடு நெடுநேரம் வேகவைத்து, அரைத்து, பாலாடை சேர்த்த இனிப்பும் புளிப்புமான குழம்பில் மாட்டிறைச்சித் துண்டுகளை வைத்துத் தருவார்கள். அதனோடு வரும் 'க்னெட்லீக்' என்பது, மாவை உருளையாக உருட்டி வேகவைத்து, நூலினால் வட்டவட்டமாக அறுத்தெடுப்பது. குழம்பை உறிஞ்சி வாய்க்குக் கொண்டுவருவதே அதன் வேலை. நம் புட்டின் வேலையும் அதுதானே.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் காளானும் பார்லியும் உள்ளியும் சேர்ந்த 'குபா'வைத் தேடலாம். அது நத்தார் முதல்நாள் விரதத்துக்குரிய மச்சமில்லாத உணவு. அந்நாளில் மாலைவரை உண்ணாதிருப்பவரின் கண்ணுக்குப் பொற்பன்றிக்குட்டி ஒன்று தெரியும் என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

அடுத்தது பதிவு. நீங்கள் உண்ணாதவற்றைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். இத்தகைய உணவகத்தில் ஒவ்வொரு தட்டும் முன்கூட்டியே திட்டமிடப்படுவதால், மேசையில் அமர்ந்தபின் சொன்னால் தட்டிலிருந்து எதையாவது எடுத்துவிட மட்டுமே அவர்களால் முடியும். சில நாட்களுக்கு முன் சொன்னால் அதற்கு ஈடாக வேறொன்றைச் சமைத்துத் தருவார்கள். "நாங்கள் சைவம்" என்று எழுதினாற் போதாது. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடுங்கள். எலும்பு வேகவைத்த சாறு, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின், குழம்பில் சேரும் வைன் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். காளான் சூப்பின் அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். மாட்டிறைச்சிக்குள்ளேயே பன்றிக் கொழுப்பைச் செருகிச் சமைப்பதும் அங்கே வழக்கம். என்னோடு வந்த என் மாமி, காளான் சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருப்பதை அறியாமல் பாதிக் கிண்ணம் குடித்தபின் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிரவு முழுவதும் மனம் நொந்திருந்தார். முன்பே எழுதாதது எங்கள் பிழை. 'ஹொவ்யெஸீ' என்றால் மாட்டிறைச்சி, 'வெப்ர்ஷொவே' என்றால் பன்றியிறைச்சி. இவ்விரு சொற்களையாவது மனத்தில் வைத்திருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்காகவோ கந்தசஷ்டிக்காகவோ விரதமிருப்பவர்கள், பஞ்சாங்கத்தைப் பார்த்தபின்பே நாளைத் தெரிவுசெய்வது நல்லது. பதிவின்போது கடனட்டை விவரம் கேட்டு, வராதுவிட்டால் பணம் அறவிடும் இடங்கள் பல.

உடை துப்புரவாகவும் எளிமையாகவும் இருந்தாற் போதும், சேலை கட்டிச் செல்வதற்கும் தடையில்லை. குறித்த நேரத்துக்குச் செல்லுங்கள். விருந்து மூன்று மணி நேரம் வரை நீளலாம் என்பதால், பிராயமானவர்களும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் அதற்கேற்ப நேரத்தை ஒழுங்குசெய்துகொள்ளவேண்டும்.

மேசையில் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தால், வெளிப்பக்கத்தில் இருப்பதை முதலில் எடுத்து உள்நோக்கி வாருங்கள். கையால் எடுத்துண்ணும் சிறு தட்டுகளும் முதலில் வரக்கூடும், அவற்றுக்குக் கரண்டி தேடவேண்டியதில்லை. பாண் வந்தவுடன் வயிறு நிரம்ப உண்டுவிடாமல், ஒரு துண்டைக் குழம்புக்கென்று ஒதுக்கி வையுங்கள். அதிலுள்ள சிறு விதை, உருவத்திற் சீரகம் போன்ற காரவே. மிளகாய் கேட்கவேண்டாம். உறைப்பு இல்லாதவிடத்துச் சுவையே இல்லை என்று நம் நாக்கு முதலில் முறைப்பாடு செய்யும், ஆனால் மூன்றாம் நான்காம் தட்டுக்குள் புளிப்பையும் புகையையும் வேர்க்கிழங்கின் இனிப்பையும் அது பிரித்தறியத் தொடங்கிவிடும். அதற்குரிய அவகாசத்தை அதற்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது பரிசாரகர் ஓரிரு வசனங்களில் விளக்குவார். விளங்காவிட்டால், "இது எந்த வீட்டுச் சாப்பாட்டிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் போல அவர்களை மகிழ்விப்பது வேறில்லை. பேச்சும் அதன்பின் தானாகவே நீளும். கெண்டை மீன் வந்தால் கடல்மீனோடு ஒப்பிடாமல் உண்ணுங்கள். செக் நாட்டுக்குக் கடல் இல்லை, ஆகவே குளங்களை வெட்டி மீன் வளர்த்தார்கள். தெற்கே திரெபொன் ஊரருகில் 1590இல் கட்டிமுடித்த ரோஷ்ம்பெர்க் குளத்தில் இன்றும் இலையுதிர்காலத்தில் நீரை வடித்துக் கெண்டை பிடிக்கிறார்கள். நத்தார் இரவில் வீடுதோறும் பொரித்துண்ணும் மீன் அதுவே. இனிப்பு வேளையில் கருநீலக் கசகசாவும் பிளம்ஸ் பழக் களியும் வரக்கூடும். கசகசாவின் சுவை பிடித்துப்போய் ஊருக்கு வாங்கிவர விரும்புவோர், அது ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதை அறிந்திருக்கவேண்டும். துபாய் வழியாகப் பயணிப்பவர்கள் பொதியில் வைக்கவே வேண்டாம்.

மது அருந்தாதவர்கள், ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமான மதுவில்லாப் பானங்கள் உண்டா என்று பதிவின்போதே கேட்கலாம். ஆனால் நொதிக்கவைத்த பானங்களில் சிறிதளவு மதுசாரம் இருக்கக்கூடும் என்பதால், முழுமையாகத் தவிர்ப்பவர்கள் பழச்சாறு என்றே தெளிவாகச் சொல்லுங்கள்.

கணக்கைக் கொண்டுவரும்போது, சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கப்படாவிட்டால் பத்து வீதமளவு கூட்டிக் கொடுப்பது வழக்கம். கடனட்டையை நீட்டுமுன், கூட்டிய மொத்தத் தொகையை வாயாற் சொல்லிவிடவேண்டும். எழுந்து வருமுன் அன்றைய உணவுப் பட்டியலின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தட்டின் பெயருக்கும் பக்கத்தில் அதன் மூலமான வீட்டுச் சாப்பாட்டின் பெயரைத் தமிழில் எழுதிவையுங்கள். தங்குமிடம் திரும்பும் வழியில், சுவை நாக்கில் இருக்கும்போதே.