ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றிக்கொண்டே அறுவடை வேலை: முதல் முறை போகிறவர்களுக்கு

ஊரும் சுற்ற வேண்டும், கையில் காசும் கரையக்கூடாது என்றால் ஆஸ்திரேலியப் பழத்தோட்டங்கள் நல்ல வழிதான். ஆனால் சுற்றுலா விசாவில் போய் அங்கே பழம் பறித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு உரியது 462 எண்ணுள்ள ஒர்க் அண்ட் ஹாலிடே விசா. ஆண்டுக்கு 1,000 பேருக்குத்தான், அதுவும் குலுக்கலில். வயது 18 முதல் 30 வரை, பள்ளிப் படிப்புக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டாவது படித்திருக்க வேண்டும், ஆங்கிலம் சமாளிக்கும் அளவுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் பருவம். பார்க்க ஆசைப்படும் ஊரை வைத்துத் திட்டம் போடாமல் பயிரை வைத்துப் போடுங்கள். வடக்கே டார்வின், கேத்தரின் பக்கம் மாம்பழம் ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, டாஸ்மேனியாவில் செர்ரி டிசம்பர், ஜனவரி, விக்டோரியா மாநிலத்து மில்டூராவில் திராட்சை பிப்ரவரி, மார்ச் வாக்கில். குயின்ஸ்லாந்து மாநிலத்து டல்லி வாழைத்தோட்டங்களில் ஆண்டு முழுக்க வேலை இருக்கும், ஆனால் தாரைத் தோளில் சுமக்க உடம்பு வேண்டும். அரசின் ஹார்வெஸ்ட் டிரெயில் சேவையில் எந்த மாதம் எங்கே என்ன பயிர் என்று பார்க்கலாம். மழையோ வெயிலோ பருவத்தை முன்னே பின்னே தள்ளிவிடும் என்பதால், பஸ் டிக்கெட் எடுக்கும் முன் தோட்டத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

போய் இறங்கியதும் டிஎஃப்என் என்னும் வரி எண்ணுக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். இலவசம்தான், ஏஜென்ட் எதற்கும் வேண்டாம்.

சம்பளத்தைப் பேசாமல் கூடையைத் தூக்காதீர்கள். புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மணிக்கூலியும் உண்டு, பறித்த அளவுக்கு இவ்வளவு என்ற கூலியும் உண்டு. இரண்டாவது வகையில் கை பழகும் வரை ஒன்றும் தேறாது என்று பயப்படுவார்கள், ஆனால் 2022 ஏப்ரல் 28 முதல் அப்படி வேலை செய்பவருக்கும் அன்றன்று உழைத்த நேரத்துக்கான குறைந்தபட்ச மணிக்கூலி உறுதி, நீங்கள் எவ்வளவு மெதுவாகப் பறித்தாலும் சரி. கூலி விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் தினமும் போனில் குறித்துவையுங்கள், கணக்கு இடித்தால் சம்பளப் புகார்களைக் கேட்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். வேலையோடு தங்குமிடமும் தருகிறோம் என்னும் விடுதிகளில், வேலை இல்லாத வாரத்துக்கும் வாடகை உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

இனி பறிப்பது. ஆப்பிளைப் பிடித்து இழுக்கக்கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு வந்துவிடும். இழுத்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் சேர்ந்து முறியும், மேற்பார்வையாளர் முறைப்பார். வயிற்றில் கட்டிய பையிலிருந்து பெட்டியில் கொட்டும்போது பையை உள்ளே இறக்கி, அடிப்பக்கத்தை அவிழ்த்து, பழம் உருண்டு இறங்கும்படி விட வேண்டும், உயரத்திலிருந்து போட்டால் கன்றிப்போகும். அந்தப் பெட்டியில் ஏறத்தாழ 400 கிலோ பிடிக்கும், முதல் நாள் அது நிரம்பவே நிரம்பாது போலத் தோன்றும். மாம்பழத்துக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டே ஆக வேண்டும், காம்பில் வடியும் பால் பட்டால் தோல் பொத்துப்போகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் ஆண்டும் தங்க நினைத்தால் தகுதியுள்ள பகுதியில் மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 88 நாள் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தோட்டத்தின் அஞ்சல் குறியீடு தகுதியுள்ள பகுதிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். பறிப்பது மட்டுமல்ல, கொட்டகையில் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் வேலையும் சேரும். சோறும் படுக்கையும் கொடுத்துச் சம்பளம் தராத இடங்களில் உழைத்த நாள் சேராது. சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள், விண்ணப்பத்தில் அதைத்தான் கேட்பார்கள்.