புகையும் பசுமையும்: ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தைப் பார்க்கும் முறை

தொழிற்புரட்சிக் கால ஆங்கில நிலக்காட்சி ஓவியம் ஒன்றைப் பார்க்கும்போது, முதலில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஓவியர் லூதர்பர்க், இரும்பு உலைகள் நிறைந்த கோல்புரூக்டேல் என்ற ஆங்கில ஊர்ப்பகுதியை 1801-இல் வரைந்த 'இரவில் கோல்புரூக்டேல்' ஓவியத்தில் இரண்டு ஒளிகள்: மேகத்தினூடே நிலா, நடுவே இரும்பு உலையின் தீ. அந்தத் தீயைக் கையால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது அமைதியான கிராமத்து இரவு. கையை எடுத்ததும் நிலா மங்கிப்போகிறது. படத்தின் உயிரே இந்த இரண்டு ஒளிகளின் போட்டியில்தான் இருக்கிறது.

அடுத்து, சின்ன உருவங்கள். ஓவியர் டர்னரின் 'மழை, நீராவி, வேகம்' (1844) இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் ரயில் பாலத்தைக் காட்டுகிறது. இடப்பக்கம் ஆற்றில் படகு, வலப்பக்கம் தொலைவில் ஏர் உழுபவர். ரயிலுக்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது. அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சாயம் மங்கிவிட்டதால் சின்னத் திரையில் தெரியாது. படத்தைப் பெரிதாக்கி, எஞ்சினிலிருந்து வலது கீழ்மூலையை நோக்கி மெல்ல நகருங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் நேரில் பார்க்க வாய்த்தால் இன்னும் நல்லது.

ஆலையைக் கண்டதுமே ஓவியர் தொழில்மயத்தைக் கண்டிக்கிறார் என்று முடிவுகட்டாதீர்கள். இங்கிலாந்தில், டெர்பிஷயரின் குரோம்ஃபர்டில் தொழிலதிபர் ஆர்க்ரைட்டின் பருத்தி ஆலை இரவிலும் ஓடியது. ஓவியர் ஜோசப் ரைட் வரைந்த அதன் சன்னல்கள், மரங்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் வரிசையாக மின்னுகின்றன. அங்கே மேலோங்குவது வியப்பு.