தாடைக்கடி உமிழ்நீர்ச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது எப்படி?

தட்டுவடை செட்டை வாயில் வைத்ததுமே தாடைக்கடியில் வலித்து வீங்கி, பிறகு தானே வடிகிறதா? உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். சேலத்து வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்கிறவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணாடி முன் நாக்கைத் தூக்குங்கள். நடு மடிப்பின் இருபுறமும் கடுகளவு மேடு தெரியும்; சுரப்பிக் குழாயின் வாய் அதுதான். குழாய் சுமார் 5 செ.மீ. நீளம்.

ஒரு விரல் நாக்கடியில், மறு கை விரல்கள் தாடை எலும்புக்குக் கீழே. பின்னாலிருந்து முன்னால் மெல்லத் தடவுங்கள். எதிர்த்திசையில் தடவினால், கல் இருந்தால் அது உள்ளே நழுவிவிடலாம். மெத்தென்று நகர்வது சுரப்பி. அரிசிபோல் கெட்டியாக நெருடினால் கல்லாக இருக்கலாம். உமிழ்நீர்க் கற்களில் சுமார் 80 சதவீதம் இங்கேதான்: சுரக்கும் நீர் கொழகொழப்பு, குழாயோ மேல்நோக்கி ஏறுகிறது. சீழ், காய்ச்சல் இருந்தால் அமுக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வலியே இல்லாமல் கட்டி வளர்ந்தாலும் அப்படித்தான்.